நால்வரில் ஒருவருக்கு மட்டும் லண்டனில் இடம்: சேர்ந்து போவதா, ஆளுக்கொரு ஊரா?

வயோலா_செந்தூல்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் ஒரு நால்வர் குழு. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. கோலாலம்பூரில் ஓர் இளையோர் இசைக்குழுவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர்கள். முதல் வயலின் ஈப்போ சீனப் பையன். இரண்டாம் வயலின் ஷா ஆலாம் மலாய்ப் பெண். செல்லோ கிள்ளான் தமிழ்ப் பெண். வயோலா நான். மூன்று வருடமாக வாரம் மூன்று நாள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடைக்கு மேலே உள்ள அறையில் பயிற்சி. படியேறும்போதே மல்லிகை வாசம் வரும். வாடகையை நான்காகப் பிரித்துக் கட்டுகிறோம்.

நால்வர் குழுவுக்கென்று எழுதியவற்றில் ஹைடன் ஓபஸ் 33-இல் ஒன்று, ராவெல், ஷோஸ்டகோவிச் எட்டாவது ஆகியவை கையில் இருக்கின்றன. பார்ட்டோக் நான்காவது பாதி வந்திருக்கிறது. இரட்டைக் கோபுரத்தின் அடியில் இருக்கும் டேவான் பில்ஹார்மோனிக் இசை அரங்கில் வெளிநாட்டுக் குழு ஒன்று வாசித்ததைக் கேட்டு வந்த ஆசை இது. அதே மாதிரி ஊர் ஊராகப் போய் வாசிக்க வேண்டும், அதுவே பிழைப்பாக இருக்க வேண்டும் என்று நால்வருமே நினைக்கிறோம்.

போன வாரம் இரண்டாம் வயலினுக்கு லண்டனில் முதுகலைக்கு இடம் கிடைத்துவிட்டது. பாதி உதவித்தொகையும் உண்டு. செல்லோ சிங்கப்பூருக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கிறாள். "ஆளுக்கு ஒரு பட்டம் வாங்கிக்கொண்டு இரண்டு வருடம் கழித்துச் சேரலாமே" என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிந்தால் திரும்பச் சேர மாட்டோம் என்று என் மனசு அடித்துக்கொள்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_செல்லோ

தம்பி, உன் மனசு சொல்வதைக் கேள்.

எங்களுக்கும் ஒரு குழு இருந்தது. நானும் இன்னொருவரும் ஜெர்மனி, மற்ற இருவர் இங்கிலாந்து. விடுமுறைக்கு விடுமுறை சந்திப்போம் என்று பேசிக்கொண்டோம். முதல் வருடம் நான்கு தடவை சந்தித்தோம். இரண்டாம் வருடம் ஒரே தடவை, அதுவும் ஒருவர் கல்யாணத்தில், வாத்தியம் இல்லாமல். யாருக்கும் யார் மீதும் கோபம் இல்லை. சண்டை போட்டிருந்தால்கூட சமாதானமாகி இருப்போம். சும்மா கரைந்துபோனது.

ஒன்று தெரிந்துகொள். ஜெர்மனியில் பல இசைக் கல்லூரிகளில் அறை இசைக்கென்றே, அதாவது சிறு குழுவாக வாசிக்கும் இசைக்கென்றே முதுகலை இருக்கிறது. அதற்குக் குழுவாக விண்ணப்பிக்கலாம், குழுவாகவே தேர்வுக்கு வாசிக்கலாம். நால்வரையும் ஒரே ஆளாகப் பார்ப்பார்கள். ஹனோவரில் குஸ் குவார்டெட் என்ற நால்வர் குழுவின் இரண்டாம் வயலின் ஒலிவர் வில்லே அறை இசை சொல்லிக்கொடுக்கிறார். இந்த வழி இருப்பதே எங்களுக்குத் தெரியவில்லை. ஆளாளுக்குத் தனி வாத்தியத்துக்கு விண்ணப்பித்து, ஆளாளுக்கு ஒரு ஊரில் போய் விழுந்தோம்.

கொரியர்களைப் பார். நோவுஸ் குவார்டெட் 2007-இல் கொரியாவில் ஆரம்பித்த குழு. அப்படியே சேர்ந்து மியூனிக் போனார்கள். 2012-இல் மியூனிக் ஏ.ஆர்.டி. போட்டியில் இரண்டாம் பரிசு, 2014-இல் சால்ஸ்பர்க் மோட்சார்ட் போட்டியில் முதல் பரிசு. ஆரம்பித்து ஏழு வருடம். எஸ்மே குவார்டெட் ஆரம்பத்தில் நான்கு கொரியப் பெண்கள், கொலோனில் படிக்கும்போது 2016-இல் சேர்ந்தவர்கள். 2018-இல் லண்டன் விக்மோர் ஹால் போட்டியில் முதல் பரிசு. இரண்டு கதையிலும் பரிசுக்கு முன்னால் ஓர் ஊர் இருக்கிறது. நால்வரும் அங்கே இருந்தார்கள்.

கிள்ளான்_அம்மா

ஐயா, நான் அந்தச் செல்லோ பிள்ளையின் அம்மா. மகள்தான் இந்தப் பக்கத்தைக் காட்டினாள்.

பிள்ளைகள் ஆசையில் பேசுகிறார்கள், எனக்கும் பெருமைதான். ஐந்து வயதில் கால் செல்லோ வாங்கிக் கொடுத்ததிலிருந்து கூடவே ஓடியிருக்கிறேன். ஆனால் ஜெர்மனிக்கு நால்வரும் போனால் வீட்டு வாடகை, சாப்பாடு எல்லாம் யார் பார்ப்பது? அப்புறம் ஒரு கேள்வி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொருவரும் நன்றாக வாசிக்கிறார்கள். பிறகு வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து என்னதான் செய்கிறார்கள்? ஒருநாள் வெளியே காத்திருந்து கேட்டேன். ஒரு மணி நேரத்தில் நான்கு வரிகூடத் தாண்டவில்லை.

பழைய_செல்லோ

அக்கா, பணக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் மாணவர் விசாவுக்கு முடக்கக் கணக்கு என்று ஒன்று கேட்பார்கள், வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் கணக்கு. 2024 செப்டம்பரிலிருந்து ஒரு ஆளுக்கு மாதம் 992 யூரோ, வருடத்துக்கு 11,904 யூரோ. நால்வருக்கு 47,616. நம் காசுக்கு இரண்டு லட்சம் மலேசிய வெள்ளிக்கு மேல். இது கட்டணமாகப் போகாது. மாதாமாதம் பிள்ளை கைக்கே திரும்பி வரும், அதில்தான் வாழ்க்கை நடக்கும். அரசுக் கல்லூரிகளில் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் இல்லை. ஸ்டுட்கார்ட், ஃப்ரைபுர்க் இருக்கும் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ. லண்டனில் பாதி உதவித்தொகை போக மீதிக் கட்டணத்தையும் அந்த ஊர் வாடகையையும் கூட்டிப் பாருங்கள். எது மலிவு என்று தாளில் தெரியும்.

இனி அந்த நான்கு வரிக்கு வருகிறேன். அது வீண் நேரம் இல்லை அக்கா.

செல்லோவின் கீழ்த் தந்தி சி. அங்கிருந்து சுத்தமான பஞ்சமமாக ஏறினால் ஜி, டி, ஏ, கடைசியில் வயலினின் மேல் தந்தி ஈ. ஒவ்வொரு படியும் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஈ-யையும் செல்லோவின் சி-யையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள், காது கூசும். ஓர் அரைச்சுரத்தை நூறு சென்ட் என்று பிரித்தால், அந்த ஈ சுத்தமான சேர்க்கையைவிட 22 சென்ட் ஏறி நிற்கிறது. ஏறக்குறைய கால் அரைச்சுரம். ஆளுக்கு ஆள் சரியாகச் சுருதி சேர்த்திருந்தாலும் கூட்டு தப்பாகிவிடும். அதனால் பஞ்சமங்களை ஒரு நூல் சுருக்குவோம். செல்லோவும் வயோலாவும் சி தந்தியைத் துளி ஏற்றி வைப்பார்கள். அப்புறம் பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ஒவ்வொரு கூட்டொலியிலும் யார் இறங்க வேண்டும், யார் அசையக் கூடாது என்று முடிவு செய்ய வேண்டும். இது தாளில் எழுதியிருக்காது. நான்கு பேர் காதும் ஒரு காதாக ஆகிற வேலை. அதற்கு வருடங்கள் ஆகும்.

சுயம்பு_காந்தாரம்

ஐயா எழுதியதைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. நான் பினாங்கில் கர்நாடக வயலின் சொல்லிக்கொடுப்பவள்.

சி-யை ஸட்ஜமாக வைத்தால் நீங்கள் சொல்லும் ஈ நம் அந்தர காந்தாரம். தம்புராவின் மந்தரத் தந்தியை மீட்டிவிட்டு அமைதியாக இருங்கள். யாரும் பாடாமலே ஒரு காந்தாரம் மேலே மிதந்து வரும். அதைத்தான் சுயம்பு காந்தாரம் என்கிறோம். விகிதம் 5:4. பியானோவின் ஈ அதைவிட 14 சென்ட் கூடுதல். நம் நாட்டில் பிள்ளைகள் பியானோவில் ஆரம்பித்து கிரேட் தேர்வு எழுதி வருகிறார்கள், காது பியானோவுக்குப் பழகிவிடுகிறது. செந்தூல் தம்பி, பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் தம்புரா ஒலியை வைத்து, நால்வரும் கண்ணை மூடி அந்தக் காந்தாரத்தை வாயால் பாடுங்கள். வில்லை அப்புறம் எடுங்கள்.

வயலினை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். ஐரோப்பியரிடம் கற்று, நம் பாட்டுக்குப் பொருத்தினார். இருநூறு வருடத்துக்கு மேலாக இந்த வாத்தியம் நம் வீட்டில் இருக்கிறது. நீங்கள் ஐரோப்பாவுக்குக் கடன்காரர்கள் மாதிரிப் போக வேண்டாம், உங்கள் காதையும் கொண்டு போங்கள்.

கிரேட்_எட்டு

எல்லாரும் சேர்ந்து இரு, சேர்ந்து இரு என்கிறீர்கள். நான் மாற்றிச் சொல்கிறேன்.

லியோன்கோரோ குவார்டெட் 2019-இல் பெர்லினில் ஆரம்பித்து 2022-இல் விக்மோர் ஹால் போட்டியில் முதல் பரிசு. இசிடோர் குவார்டெட்டும் 2019, கனடாவின் பான்ஃப் போட்டியில் 2022-இல் முதல் பரிசு. மூன்றே வருடம். எப்படி? ஒவ்வொருவரும் தனியாகவே கெட்டிக்காரர்கள். கை பலம் இல்லாமல் காது மட்டும் சேர்ந்து என்ன செய்வது? லண்டனில் நல்ல ஆசிரியரிடம் இரண்டு வருடம் இருந்தால் அந்தப் பெண்ணின் வாசிப்பே மாறிவிடும்.

இன்னொன்று. அது அவருக்குக் கிடைத்த இடம். ஒரு குழுவுக்காக அதை விடச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. நாளைக்கு இந்தக் குழு உடைந்தால் அவர் கையில் என்ன இருக்கும்?

பழைய_செல்லோ

கடைசியாகச் சொன்னது நியாயம். அவரை யாரும் நெருக்கக் கூடாது. நான் எழுதியதில் அப்படி ஒரு தொனி இருந்தால் மன்னிக்கவும்.

ஆனால் அந்த மூன்று வருடத்தையும் கிட்டப் போய்ப் பாருங்கள். இசிடோர் நால்வரும் நியூயார்க் ஜூலியார்டில், ஒரே கட்டடம். லியோன்கோரோவில் இருவர் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. அவர்கள் சேர்ந்து வாசிப்பதை 2019-இலிருந்தா எண்ணுவது? ஆக அவர்களும் ஓரிடத்தில்தான் இருந்தார்கள்.

போட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இங்கே நிறையப் பேர் பரிசுதான் வாழ்க்கை என்று நினைக்கிறார்கள். பான்ஃப் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை, உலகம் முழுவதிலிருந்தும் பத்துக் குழுவைத்தான் கூப்பிடுவார்கள். ஜெயித்தால் ரொக்கத்தைவிடப் பெரிது அதோடு வரும் கச்சேரிப் பயணம். இரண்டு மூன்று வருடம் அழைப்பு வரும். அந்த வருடங்களில் புது உருப்படிகளைச் சேர்க்க நேரம் இருக்காது, ஓட்டமாக இருக்கும். அதற்குள் அடுத்த போட்டியில் அடுத்த குழு வந்துவிடும். ஒரு ஊரில் வாசித்துவிட்டு வந்த பின், அதே ஊர் இரண்டாவது தடவை கூப்பிடுகிறதா? அங்கிருந்துதான் பிழைப்பு தொடங்குகிறது. பேத்தோவன் மட்டும் பதினாறு குவார்டெட், ஹைடன் அறுபதுக்கு மேல். இரண்டாவது அழைப்புக்கு வேறு நிகழ்ச்சி வேண்டும், அதைச் சேர்ந்து உட்கார்ந்து பழகியவர்களால்தான் தர முடியும்.

பினாங்குக்கரை

நான் வாசிப்பவன் இல்லை. ஜோர்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டில் வருடத்துக்கு ஆறேழு தடவை சின்னக் கச்சேரி ஏற்பாடு செய்கிறேன். நாற்பது நாற்காலி. ஏர்கண்டிஷன் கிடையாது. போன தடவை வந்த குழுவுக்கு மெதுவான பகுதியில் மேல்விசிறிக் காற்றில் தாள் பறந்துவிட்டது. விசிறியை நிறுத்தினோம். வேர்வையில் வயலின்காரர் தாடை வழுக்க, கைக்குட்டையை மடித்து வைத்து வாசித்தார். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நேரம் தெரியும், அதற்குத் தகுந்த மாதிரி இடைவேளை வைத்திருந்தோம். மழை மட்டும் நம் கையில் இல்லை. வந்தது. தகரக் கூரையில் அது கொட்டக் கொட்ட, நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சத்தத்தைக் குறைத்தார்கள், கூட்டவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டப் போனார்கள். அப்படி ஒரு அமைதியை நான் பெரிய அரங்கத்தில் கேட்டதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தம்பி, நீங்கள் இதுவரை எத்தனை கச்சேரி முழு நிகழ்ச்சியாக வாசித்திருக்கிறீர்கள்? தேர்வு, விழாவில் ஒரு உருப்படி, கல்யாண வரவேற்பு எல்லாம் கணக்கில் சேராது. ஒன்றரை மணி நேரம் நீங்கள் மட்டும். ஒரே நிகழ்ச்சியைப் பத்து ஊரில் வாசித்தால்தான் ஏழாவது ஊரில் அது உங்களுடையதாகும். பினாங்கு, ஈப்போ, மலாக்கா, அப்புறம் சிங்கப்பூர், பாங்காக். சிங்கப்பூரில் தாங் குவார்டெட் 1992-இல் தொடங்கியது. நம் பக்கத்து ஊரிலேயே முழுநேரக் குவார்டெட்டாக நின்று காட்டினார்கள். ஐரோப்பா போகுமுன் நம் வட்டாரத்தில் நடந்து பழகுங்கள்.

வயோலா_செந்தூல்

அண்ணே, உண்மையைச் சொல்கிறேன். முழு நிகழ்ச்சி இரண்டே தடவை. இரண்டும் பிரிக்பீல்ட்ஸில்தான், வந்தவர்கள் பாதிப்பேர் சொந்தக்காரர்கள்.

சுயம்பு_காந்தாரம்

அதில் வெட்கம் ஒன்றும் இல்லை தம்பி. எல்லா அரங்கேற்றமும் சொந்தக்காரர் முன்னால்தான்.

நிகழ்ச்சியில் என்ன வைப்பது என்பதையும் யோசியுங்கள். வெளியூர்க்காரர் உங்களைக் கூப்பிட ஒரு காரணம் வேண்டும். ஹைடனும் ராவெலும் அங்கே தெருவுக்கு ஒரு குழு வாசிக்கும். சோங் கீ யோங், யீ கா ஹோ, தாஜுல் தாஜுதீன் என்று நம் நாட்டிலேயே இசையமைப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நேரில் போய்க் கேளுங்கள். க்ரோனோஸ் குவார்டெட் இளம் குழுக்களுக்காகவே ஐம்பது புது உருப்படிகள் எழுதச் சொல்லி, தாள்களை இணையத்தில் இலவசமாகக் கொடுத்திருக்கிறது. ஜாகிர் உசேன் எழுதியதும் அதில் உண்டு. 1889-இல் பாரிஸ் கண்காட்சியில் ஜாவாவின் கமெலான் வாத்தியக் குழுவைக் கேட்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி வியந்துபோனார். நால்வர் குழுவுக்கு அவர் எழுதியது அதற்கு நான்கு வருடம் பிறகு. அந்த கமெலான் உங்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பக்கத்து அறையில் கேட்ட சத்தம். அதை அறிந்த கையோடு டெபுஸியை வாசித்தால் வேறு மாதிரி வரும் என்று நான் நம்புகிறேன்.

ஒன்று மட்டும் வேண்டாம். வெளிநாட்டுக்காரருக்குப் பிடிக்கும் என்று ஒரு கீர்த்தனையை எடுத்துக் கூட்டொலி போட்டுக் கடைசியில் ஒட்டாதீர்கள். கமகம் தெரியாமல் வாசித்தால் எங்களுக்கு வலிக்கும். வேண்டுமென்றால் என்னிடம் வாருங்கள், ஒரு வர்ணத்திலிருந்து ஆரம்பிப்போம்.

கிள்ளான்_அம்மா

செல்லோவை விமானத்தில் எப்படிக் கொண்டு போவார்கள் என்று யாராவது சொல்லுங்களேன். அதன் விலை எங்கள் காரின் விலைக்கு மேலே.

பழைய_செல்லோ

அதற்கும் ஒரு டிக்கெட் எடுக்க வேண்டும் அக்கா, ஜன்னலோர இருக்கை. நான்கு பேர் போனால் ஐந்து டிக்கெட். சம்பளத்தைப் பேசும்போதே இதைப் பேசிவிட வேண்டும். ஒரு பேச்சுக்கு 2,000 யூரோ தருகிறார்கள் என்று வையுங்கள். ஏஜென்டுக்கு 20 விழுக்காடு என்றால் 1,600 மிச்சம். ஐந்து டிக்கெட், நான்கு பேர் தங்கும் செலவு போனால் ஆளுக்குக் கைச்செலவுதான் மிஞ்சும். ஒரு பயணத்தில் ஒரு கச்சேரி என்று போகவே கூடாது. ஐந்தாறை ஒன்றாகக் கோர்த்துக்கொண்டுதான் போக வேண்டும்.

விசாவும் அப்படியே. மலேசியக் கடப்பிதழுக்கு ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் விசா இல்லாமல் இருக்கலாம். ஆனால் சம்பளத்துக்கு வாசிப்பது தனி விஷயம், நாட்டுக்கு நாடு மாறும். அழைப்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவுக்குச் சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளக் கச்சேரி செய்ய முடியாது.

விமானத்தைவிட எனக்குப் பயம் குளிர்காலம். நம் ஊரில் காற்றில் ஈரம் எப்போதும் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அங்கே ஹீட்டர் ஓடும் அறையில் 30-க்கும் கீழே போகும். நான் போன முதல் டிசம்பரில், ஒரு விடியற்காலை நான்கு மணிக்கு அறையில் பட்டென்று ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் செல்லோவின் மேற்பலகையும் பக்கப்பலகையும் சேரும் ஓரம் ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. நல்ல வேளை, பலகை வெடிக்கவில்லை. பிராணிப் பசையை அதற்காகத்தான் போடுகிறார்கள், மரம் கிழிவதற்கு முன் பசை விட்டுக்கொடுக்கும். ஆனால் அன்று அது எனக்குத் தெரியாது. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். மகளுக்கு ஈரமானி ஒன்று, பெட்டிக்குள் வைக்கும் ஈரக்குழாய் ஒன்று இப்போதே வாங்கிக் கொடுங்கள்.

கிரேட்_எட்டு

செந்தூல், உங்கள் இரண்டாம் வயலினிடம் யாராவது கேட்டீர்களா? அவருக்கு என்ன வேண்டும் என்று?

வயோலா_செந்தூல்

கேட்கவில்லை. நேற்றுவரை கேட்கவில்லை. இந்த இழையில் எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தபோது நாங்கள் மூவர் அவரைப் பற்றிப் பேசினோமே தவிர அவரோடு பேசவில்லை. நீங்கள் கேட்டதுக்கு நன்றி.

நேற்று ராத்திரி பயிற்சி முடிந்ததும் மாமாக் உணவுக்கடையில் உட்கார்ந்தோம். தே தாரேக் ஆறிப்போகும் வரை யாரும் ஆரம்பிக்கவில்லை. பிறகு அவரே சொன்னார். லண்டன் கல்லூரிக்கு எழுதி, இடத்தை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று போன வாரமே கேட்டுவிட்டாராம், சரி என்று பதில் வந்துவிட்டதாம். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "நீங்கள் என்னை விட்டுவிடத் தயாராகிவிட்டீர்கள் என்று நினைத்தேன்" என்றார். செல்லோ எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தாள், கண் சிவந்திருந்தது.

இந்த ஒரு வருடத்தில் பார்ட்டோக்கை முடித்து நல்ல ஒலிப்பதிவு எடுப்போம். ஹனோவருக்கும் இன்னும் இரண்டு இடத்துக்கும் குழுவாக விண்ணப்பிப்போம். நால்வருக்கும் கிடைத்தால் போகிறோம். கிடைக்காவிட்டால் அவர் லண்டன் போவார், நாங்களே ரயிலேற்றி, இல்லை, விமானமேற்றி அனுப்புவோம். பணத்துக்கு அரசின் கலை வளர்ச்சி அமைப்பான செண்டானாவின் மானியமும் வேறு உதவித்தொகைகளும் பார்க்கிறோம். அத்தை, உங்கள் மகள் இதை வீட்டில் இன்று சொல்வாள், கோபப்படாமல் கேளுங்கள்.

தம்புராவை வைத்துப் பாடிப் பார்த்தோம் அக்கா. முதல் வயலினுக்குக் கூச்சம், வாயே திறக்கவில்லை. மூன்றாவது நாள் பாடினான். ராவெலின் முதல் கூட்டொலியை அதற்குப் பிறகு வாசித்தபோது நால்வரும் நிறுத்திவிட்டோம், யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

பினாங்குக்கரை

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை என் கடைவீடு காலி. நாற்பது நாற்காலியில் உங்கள் சொந்தக்காரர் ஒருவரும் இருக்க மாட்டார். ஹைடன், ஒரு மலேசியப் படைப்பு, இடைவேளை, ராவெல். வருகிறீர்களா? துணிக்கிளிப் நான் வாங்கி வைக்கிறேன்.

வயோலா_செந்தூல்

வருகிறோம் அண்ணே. பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். ரயிலில் ஐந்து டிக்கெட் எடுத்துவிட்டோம்.